முப்பத்தொன்று எப்படிச் செத்தது

எடில்மாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "அவளா? அது கல்லு" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். புருஷனைப் புதைத்த மூன்றாம் நாள் காலணியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன பெண்ணை வேறு என்ன சொல்வது? பட்டணத்தில் கட்டிக்கொடுத்த அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். அந்த உரிமையில் நாங்கள் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வோம். அந்த உரிமை இருந்தும், இரண்டு வருஷமாக அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே ஓடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் வேலை இதுதான். ஏரி நடுவில் இருக்கும் தீவுக்காட்டில் ஞெக்கேக்களின் பின்னால் நடக்க வேண்டும். பதினாறு வருஷம் நடந்தாள். ஞெக்கே முயலைவிடக் கொஞ்சம் பெரிது. குச்சிக் கால், செம்பழுப்பு முடி, வால் என்று பேருக்கு ஒரு மொட்டு. பயந்தால் பின்பக்க முடியெல்லாம் சிலிர்த்து நிற்க, நாய்க்குட்டி மாதிரி குரைத்துக்கொண்டு ஓடும். எங்களுக்கு அது குழம்பு. தீவில் ஆராய்ச்சி செய்த வெளிநாட்டு டாக்டரம்மாவுக்கு அது பாடம். எடில்மாவுக்கு அது என்ன என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏன்டி, காட்டு எலிக்குக் காவல் இருக்கவா உன்ன பெத்தாங்க?" என்று நான் கேலி செய்வேன்.

"காவல் இல்ல கொமாத்ரே. எண்ணுறது" என்பாள். அவ்வளவுதான் பதில்.

சுங்கா பனையின் கொட்டைகளில் மெல்லிய கம்பி கட்டி, கம்பி நுனியில் ரோஸ் நிறத் துணுக்கு ஒட்டி மரத்தடியில் வைப்பார்கள். ஞெக்கே வந்து, பின்காலில் உட்கார்ந்து, தோலைச் சுத்தமாக உரித்து, கொட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஓடி எங்கேயாவது புதைத்துவிடும். ஒரு குழிக்கு ஒரு கொட்டைதான். மேலே இலையைத் தட்டிப் பரப்பிவிட்டுப் போய்விடும். ஆனால் ரோஸ் துணுக்கு மட்டும் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எடில்மா அதைத் தேடிக் குறித்துக்கொள்வாள். மறுநாள் போனால் பக்கத்து ஞெக்கே அதைத் திருடி வேறு இடத்தில் புதைத்திருக்கும். அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஒரே கொட்டை பதினேழு முறை கைமாறியதை அவள் நோட்டில் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆண்களின் ஏணியும் கடப்பாரையும் இப்படித்தான் வீடு வீடாகப் போகும்.

"அப்ப எந்தக் கொட்டைதான் மரமாகுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புதைச்ச ஞெக்கே செத்துப்போனா, அது தோண்டாம விட்டது முளைக்கும்."

இதைச் சொல்லிவிட்டு ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றாள். அவள் புருஷன் பெலிசாரியோ போய் அப்போது நாலு மாதம்.

கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டிய ஞெக்கேக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒன்று செத்தால் எடில்மா ஒரு தாள் நிரப்ப வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு, எதனால். அந்த 'எதனால்' என்ற கட்டத்தை அவளைப்போல் நிரப்ப அந்தத் தீவில் ஆளில்லை. பாதி தின்று மிச்சத்தை இலையால் மூடி வைத்திருந்தால் மனிகோர்தோ. அது எங்கள் பக்கத்துப் புள்ளிக் காட்டுப்பூனை. முன்பாதம் கொழுகொழுவென்றிருக்கும், விடிகாலையிலும் அந்தியிலும் புதருக்குள் பதுங்கி அடிக்கும். பட்டையின் சத்தம் மட்டும் மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தால் மலைப்பாம்பின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுவாள். ஊகித்து எழுதவே மாட்டாள். "எடில்மா எழுதிட்டா அத நான் திரும்பப் பாக்கறதில்ல" என்று டாக்டரம்மா என் கடையில் உட்கார்ந்து சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தாளில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டாள். அது ஞெக்கேயுடைய தாள் இல்லை, புருஷனுடையது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கரையில் திருவிழா. எடில்மாவின் தம்பி எலியேசெர் மோட்டார் படகை ஓட்டிக்கொண்டு வந்தான். படகில் அவனும் நானும் மட்டும்தான். கரும்புச் சாராயம் தலைக்கேறி இருந்தது அவனுக்கு. எனக்கும் கொஞ்சம். முனை திரும்பும்போது பெலிசாரியோ தன் தோணியில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தான். எலியேசெர் வேகத்தைக் குறைக்கவில்லை. பெலிசாரியோ ஒரு கையைத் தூக்கினான். எங்கள் படகு அவன் தோணிமேல் ஏறிப் போனது.

எங்கள் ஏரிக்கடியில் ஒரு காடே மூழ்கிக் கிடக்கிறது. அதன் அடிமரங்கள் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும். வருஷத்துக்கு ஒருவர் அதில் மோதிச் சாகிறார். அதனால் 'அடிமரத்தில் தோணி மோதிக் கவிழ்ந்தது' என்று எழுதினால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். எலியேசெர் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். தாய் போன பிறகு அவனுக்குச் சோறூட்டி வளர்த்தவள் அவள். மனைவி என்ற இடத்தில் எடில்மா கையெழுத்துப் போட்டாள். 'தூரத்திலிருந்து பார்த்தேன், அடிமரம்தான்' என்று சாட்சி இடத்தில் நான் போட்டேன். பிறகு அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எலியேசெர் அவள் வீட்டுக்கே குடி வந்தான். செத்தவனுடைய தூளிப்படுக்கையில்தான் படுத்துக்கொண்டான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். திட்டியதில்லை. நான் எதிர்பார்த்தேன், ஒருநாளாவது தட்டைத் தூக்கி எறிவாள் என்று. எறியவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

போன ஏப்ரலில் என் பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் எலியேசெர் ஒரு சாக்கோடு வந்தான்.

"அக்கா, ஞெக்கே. நம்ம தோட்டத்துல மரவள்ளி தோண்ட வந்துச்சு, போட்டுட்டேன். உன் பிறந்தநாளுக்குன்னு வச்சுக்க."

வெந்நீர் ஊற்றி முடியை வழித்துச் சுத்தமாகத்தான் கொண்டு வந்திருந்தான். பலகையில் போட்டுத் திருப்பியபோது கழுத்தில் பார்த்தேன். தோல் ஒரு வளையமாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது, மோதிரம் போட்ட விரல் போல. தோட்டத்து ஞெக்கேக்குக் கழுத்தில் என்ன வளையம்? எலியேசெரைப் பார்த்தேன். அவன் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியை எடுத்துக் கழுத்தைத்தான் முதலில் பொடியாக நறுக்கினேன்.

பிறகு தேங்காய்ப்பால், குலாந்த்ரோ இலை, காரம். எங்கள் வீட்டில் கால்களை எறிவதில்லை. சாறு இறங்கட்டும் என்று அப்படியே போட்டுவிடுவோம். விருந்துக்கு வந்தவர்களில் யார் ரொம்ப இளைத்திருக்கிறார்களோ அவர்களுக்குப் பின்கால் போகும். அது என் அம்மா வைத்த வழக்கம். ஆறு பேர் உட்கார்ந்தோம். எடில்மாவைவிட இளைத்தவர் அந்த மேசையில் யாருமில்லை. சோற்றின்மேல் இடது பின்காலை வைத்துக் குழம்பு ஊற்றி நானேதான் அவள் முன்னால் வைத்தேன்.

அவள் நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு காலைக் கையில் எடுத்தாள். ஞெக்கேக்குப் பின்காலில் மூன்று விரல். அதில் இரண்டுதான் இருந்தது. வெளிவிரல் இருந்த இடம் பழைய காயமாக மூடி மழுங்கியிருந்தது.

"எங்க பிடிச்சது இது?"

"தோட்டத்துலக்கா" என்றான் எலியேசெர்.

"இது முப்பத்தொன்னு. அஞ்சு வருஷம் முந்தி எங்க கூண்டுக் கதவு விழுந்து விரல் போச்சு. போன வெள்ளிக்கிழமை ரெண்டாவது ஓடைக்கு மேல, பெரிய சுங்காவுக்கு அடியில இருந்துச்சு."

மேசையில் யாரும் மெல்லவில்லை. யாரோ ஒருவர் சிரித்துப் பார்த்தார், கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை.

எடில்மா தட்டைத் தள்ளிவிடவில்லை. மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தாள். காலைச் சுத்தமாகக் கடித்து, எலும்புகளைத் துணியில் துடைத்து, ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். கேலியாக இல்லை, நிஜமாகவே சொன்னாள்.

மற்றவர்கள் நழுவிப் போனதும் எலியேசெர் அவள் முன்னால் மண்டியிட்டான். தீவில் வேட்டையாடுகிறவன் ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்காரருக்குத் தீவில் வேலை கிடையாது. அது முதல்நாளே படித்துக் கையெழுத்து வாங்கிய விதி. உண்மையை எழுதினால் அவனைக் காவலர்களிடம் கொடுப்பது மட்டுமில்லை, அவள் வயிற்றிலும் மண் விழும்.

"பட்டைய ஏரில தூக்கிப் போட்டுட்டேங்கா. யாருக்கும் தெரியாது. நீ எழுதறதுதான் கணக்கு."

"ஆமா" என்றாள்.

"மனிகோர்தோன்னு எழுதிடுடி" என்று நான் சொன்னேன். "மனிகோர்தோ வந்து ஏன் எழுதினன்னு உன்ன கேக்கவா போகுது?"

எடில்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பெலிசாரியோவும் வந்து கேக்கல" என்றாள்.

அவன் பெயரை இரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எலியேசெர் எழுந்து வெளியே போய்விட்டான். நான் பாத்திரங்களை அடுக்கினேன். அவள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"கொமாத்ரே, தீவுலருந்து வந்ததுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்று பாய்ந்தேன். "அவன் தோட்டம்னான், நான் அடுப்புல வச்சேன். நான் என்ன உன்ன மாதிரி விரல எண்ணிக்கிட்டா சமைக்கறேன்?"

"சரி" என்று போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா என் கடைக்கு வந்தாள். கையில் அந்தத் தாள். காப்பி வைத்தேன், தொடவில்லை. படித்துக் காட்டினாள். எங்கள் பேச்சு அவளுக்கு வரும், ஆனால் தட்டுத்தடுமாறித்தான். அன்று இன்னும் தடுமாறியது.

எண்: முப்பத்தொன்று, பெட்டை. கடைசியாகக் கண்ட இடம்: ஒதிலியாவின் வீடு, சாப்பாட்டு மேசை. நேரம்: ஞாயிறு, மதியம் ஒன்றேகால். காரணம்: மனிதர். கொன்றவர் (தெரிந்தால்): என் தம்பி எலியேசெர். குறிப்பு: ஆறு பேர் சாப்பிட்டோம், நானும். சமைத்தவருக்குத் தெரியாது. இடது பின்கால் எலும்புகள் உறையில் இணைக்கப்பட்டுள்ளன.

"'தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கலாமேன்னு அவகிட்ட கேட்டேன்" என்றாள் டாக்டரம்மா. அவள் கண் சிவந்திருந்தது. "தெரியலன்னா தெரியலன்னு எழுதுவேன், இது தெரியும்னு சொல்றா. நான் இப்ப என்ன செய்யறது, ஒதிலியா?"

என்ன செய்வது என்று அவளுக்கே தெரியும். அன்று சாயங்காலம் எடில்மா ஆண்டெனாவையும் காலணியையும் நோட்டுகளையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். முப்பத்தொன்று புதைத்து வைத்த கொட்டைகளில் நாற்பத்திரண்டு இன்னும் மண்ணில் இருப்பதாகவும், அவற்றை வாரம் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தாளாம். காவலர்கள் எலியேசெரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, இன்னொரு தடவை தீவில் கால் வைத்தால் உள்ளே போவாய் என்று எச்சரித்தார்கள். ஊரே அவளைத் திட்டியது. சொந்தத் தம்பியை எழுதிக் கொடுத்தவள், எலிக்குப் பரிந்து வந்தவள். நான் திட்டவில்லை. என்னால் முடியவில்லை. காரணம், 'சமைத்தவருக்குத் தெரியாது' என்ற அந்த ஒரு வரி. பதினாறு வருஷம் அவள் நிரப்பிய ஞெக்கேத் தாள்களில் பொய்யான வரி அது ஒன்றுதான். அதை அவளிடம் கொடுத்தது நான்.

அடுத்த திங்கட்கிழமை, நான் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக வந்து நின்றாள்.

"வியாழக்கிழமை துறைமுக ஆபீசுக்குப் போறேன். பெலிசாரியோ தாள மாத்தணும். சாட்சின்னு நீ கையெழுத்துப் போட்டிருக்க. வரியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயம்தான், கோபமாக வந்தது. "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? அவன் ஜெயிலுக்குப் போவான்டி!"

"போவான்."

"பொய்ச் சாட்சின்னு என்னையும் பிடிச்சு வைப்பாங்க."

"இருக்கலாம்."

"செத்தவன் எழுந்து வரவா போறான்? ரெண்டு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தியே, இப்ப என்ன வந்துச்சு?"

அவள் யோசித்தாள். அவள் யோசிப்பது தாளில் எழுதும் முன்னால் யோசிப்பது போலத்தான் இருக்கும்.

"ஒண்ணும் வரல கொமாத்ரே. அதான். ஞெக்கே கால வாயில வச்சப்பவும் ஒண்ணும் வரல. அது முப்பத்தொன்னுன்னு தெரிஞ்சப்புறமும் மென்னு முழுங்க முடிஞ்சுது. அப்பதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

எண்ணெயில் வாழைக்காய் கருகிப்போனது. அடுப்பை அணைத்தேன்.

"கழுத்துல வளையம் இருந்துச்சு" என்றேன். "சமைக்கும்போதே பாத்தேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று நின்றேன். "டாக்டர்கிட்ட அந்த வரிய அடிக்கச் சொல்றேன்" என்றாள். பிறகு, "வியாழக்கிழமை ஏழு மணிக்கு" என்றாள்.

வியாழக்கிழமை காலை படகுத்துறையில் போய் நின்றால், எங்களுக்காக மோட்டாரைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எலியேசெர். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள், இன்ன நாள் போகிறேன் என்று. அவ்வளவுதான் சொன்னாளாம். கூப்பிடவில்லை.

"ஏறுங்கக்கா" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அவளைப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரப் பயணத்தை இரண்டரை மணி நேரம் ஓட்டினான். அடிமரம் நிற்கும் இடமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றிலும் மோட்டாரைத் தூக்கி, துடுப்பால் தள்ளிப் போனான். முனை திரும்பும் இடத்தில் மோட்டாரை முழுக்க நிறுத்திவிட்டான். படகு தானாக மிதந்து அந்த இடத்தைக் கடந்தது. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆபீசில் ஒரு நடுவயது எழுத்தர். பழைய தாளைத் தேடி எடுக்கவே நேரமானது. எலியேசெர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். எடில்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். தேதி, நேரம், வானிலை. தோணி கரையிலிருந்து எத்தனை அடி. படகு எந்தப் பக்கமிருந்து வந்தது, ஓட்டியது யார், என்ன குடித்திருந்தான், எவ்வளவு. உடல் எப்போது கிடைத்தது, காயம் எங்கெங்கே. காரணம்: மனிதர். அடிமரம் இல்லை. தாளைப் பார்த்துப் படிப்பவள் போல, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னாள். எழுத்தர் இரண்டு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார். இவளுக்கும் செத்தவனுக்கும் ஒட்டு உறவு இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். ஏனென்றால் முடித்தபின் அவர் கேட்டார்:

"இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்மா?"

எடில்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். எண்ணும் நேரமும் தூரமும் தடுக்காமல் வந்த வாய் அது. என்னைத் திரும்பிப் பார்த்தாள், வழி தவறியவள் மாதிரி.

"பெஞ்சாதி சார்" என்றேன் நான்.

"அவங்களே சொல்லணும்மா" என்றார் எழுத்தர், மெதுவாக. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

கடைசியில், "பெஞ்சாதி" என்றாள். சொல்லிவிட்டு அந்த மேசைமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எழுத்தர் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். அவள் தோள் குலுங்கிய குலுங்கலில் அவருடைய மைப்புட்டி தாளின்மேல் கவிழ்ந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டே, மறு கையால் கையெழுத்துப் போட்டேன். பிறகு வெளியே போய் எலியேசெரை உள்ளே கூப்பிட்டேன்.